தீமையை வெறுப்பது கிறிஸ்தவருக்குத் தகுமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: உங்கள் சபையில் பொருளாளராக இருப்பவர் காணிக்கைப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்தது தெரியவந்திருக்கிறது. கணக்குக் கேட்டு நீங்கள் கோபப்பட்டபோது, "வெறுப்பு உள்ள இடத்தில் தேவன் இல்லை, சத்துருவையும் சிநேகிக்கச் சொன்னவர் இயேசு" என்று சொல்லி மூப்பர்கள் பேச்சை முடித்துவிட்டார்கள். அப்படியானால் கிறிஸ்தவர் எதையுமே வெறுக்கக் கூடாதா, தீமையைக்கூடவா என்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தீமையை வெறுக்கலாமா என்பது முதலாவது. அதற்கு வேதத்தில் ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு. தீமை செய்தவரை வெறுக்கலாமா என்பது அடுத்தது. அதிலும் பெரும்பகுதி தெளிவுதான், ஓரங்களில் மட்டும் அறிஞர்களிடையே வாதம் இருக்கிறது. ஆளை வெறுக்காமல் அவர் செய்ததை எதிர்ப்பது எப்படி என்பது மூன்றாவது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது இந்த மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். வசனங்களை நம்மில் பெரும்பாலோர் கையிலிருக்கும் பழைய திருப்புதலிலிருந்தே காட்டுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை: வெறுக்கலாம் என்பது மட்டுமில்லை, வெறுத்தே ஆக வேண்டும். "கர்த்தரில் அன்புகூருகிறவர்களே, தீமையை வெறுத்துவிடுங்கள்" என்கிறது 97ஆம் சங்கீதம். "தீமையை வெறுப்பதே கர்த்தருக்குப் பயப்படும் பயம்" என்கிறது நீதிமொழிகள் 8:13. ஆமோஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறான்: "நீங்கள் தீமையை வெறுத்து, நன்மையை விரும்பி, ஒலிமுகவாசலில் நியாயத்தை நிலைப்படுத்துங்கள்" (5:15). ஒலிமுகவாசல் என்பது ஊர் வாசல். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குக் கேட்ட இடம் அதுதான். ஏழையின் வழக்கு அங்கே லஞ்சத்தால் புரட்டப்பட்டது என்பதுதான் அந்த அதிகாரம் முழுவதும் ஆமோஸின் குற்றச்சாட்டு. ஆக, அவன் கேட்கிற வெறுப்பு நெஞ்சுக்குள் பொங்கி அடங்குகிற ஓர் உணர்ச்சி இல்லை. வழக்கு நேர்மையாக விசாரிக்கப்படும்படி செய்கிற வேலை அது. இதெல்லாம் பழைய ஏற்பாடு, இயேசு வந்து மாற்றிவிட்டார் என்று யாராவது சொன்னால், எபிரெயர் 1:9ஐக் காட்டுங்கள். குமாரனைப் பற்றியே அங்கே "நீர் நீதியை விரும்பி, அக்கிரமத்தை வெறுத்திருக்கிறீர்" என்று சொல்லப்பட்டிருக்கிறது.

உங்கள் மூப்பர்களோடு பேசும்போது ரோமர் 12ஐ முழுதாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக, தீமையை வெறுத்து, நன்மையைப் பற்றிக்கொண்டிருங்கள்" என்பது ஒன்பதாம் வசனம். கிரேக்கத்தில் இது "அன்பு மாயமற்றது" என்று வினைச்சொல்கூட இல்லாமல் ஒரு தலைப்பைப்போல நிற்கிறது. வெறுப்பதும் பற்றிக்கொள்வதும் அதைத் தொடர்ந்து வினையெச்சங்கள்போல வருகின்றன. அதாவது, மாயமற்ற அன்பு எப்படி இருக்கும் என்று விளக்கத் தொடங்கிய பவுல், அதன் முதல் அடையாளமாகத் தீமையை வெறுப்பதைத்தான் சொல்கிறார். அங்கே வெறுப்பதற்கு அவர் எடுத்திருக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராதது. முகம் சுளித்து விலகுகிற கடுமையான அருவருப்பு அதில் இருக்கிறது. "பற்றிக்கொண்டிருங்கள்" என்பதற்கான சொல்லோ பசைபோட்டு ஒட்டுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இன்னொரு நுணுக்கமும் முக்கியமானது. "தீமை" என்ற சொல்லை அவர் அஃறிணையில் வைத்திருக்கிறார். வெறுக்கச் சொன்னது தீயவனை இல்லை, தீயதை. அதே அதிகாரம் கொஞ்சம் தள்ளி, சத்துரு பசியாயிருந்தால் போஜனம் கொடு, தாகமாயிருந்தால் பானம் கொடு என்கிறது. வெறு என்பதும் சோறு போடு என்பதும் ஒரே மூச்சில், ஒரே ஆசிரியரிடமிருந்து வருகின்றன. இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகப் பவுல் நினைத்ததற்கான அறிகுறியே அந்தப் பகுதியில் இல்லை.

"அக்கினித்தழலை அவன் தலையின்மேல் குவிப்பாய்" என்பது என்ன என்று உடனே கேட்பார்கள். நீதிமொழிகள் 25இலிருந்து பவுல் எடுத்தாண்ட வரி அது. சத்துரு வெட்கப்பட்டு மனந்திரும்பும் வேதனை என்று ஆதித் திருச்சபையின் ஆசிரியரான அகுஸ்தீன் அதைப் படித்தார். திருந்தாவிட்டால் அவன்மேல் வரப்போகும் நியாயத்தீர்ப்பு என்று படித்தவர்களும் பழங்காலத்திலிருந்தே உண்டு. இந்த வாதம் இன்னும் முடியவில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நாம் செய்ய வேண்டிய காரியம் சோறு போடுவதுதான் என்பதால், அதில் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. எபிரெயத்தில் வெறுப்பதற்கும் பகைப்பதற்கும் பெரும்பாலும் "சானே" என்ற ஒரே வினைதான். தமிழ்த் திருப்புதல் செய்தவர்கள் இதை இடத்துக்கேற்பப் பிரித்தார்கள். 97ஆம் சங்கீதத்தில் தீமையை "வெறுத்துவிடுங்கள்" என்று போட்டவர்கள், அதே வினை லேவியராகமம் 19:17இல் வரும்போது "உன் சகோதரனை உன் உள்ளத்தில் பகையாயாக" என்று எழுதினார்கள். (பகையாயாக என்பது பழைய எதிர்மறை ஏவல், பகைக்காதே என்று பொருள். அவசரமாக வாசிக்கிற இளைஞர் பலர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனித்துச் சொல்லித்தர வேண்டும்.) இந்த வசனத்தின் அடுத்த பாதிதான் உங்களுக்கு மிகவும் தேவையானது: "பிறன் பேரில் பாவம் சுமராதபடி அவனை எப்படியும் கடிந்துகொள்ளவேண்டும்." அதற்கும் அடுத்த வசனம்தான் "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக." பகையாதே, கடிந்துகொள், அன்புகூரு என்று மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. தவறு செய்த சகோதரனைக் கடிந்துகொள்ளாமல் விடுவது அன்பு என்று உங்கள் சபையில் சொல்கிறார்கள். மோசேயின் நியாயப்பிரமாணமோ கடிந்துகொள்வதைத்தான் பகைக்கு மாற்று மருந்தாக வைத்திருக்கிறது. நேரில் சொல்லாமல் உள்ளே அமுக்கி வைத்தது நாளடைவில் பகையாகப் புளித்துப்போகும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததே.

"உன் சத்துருவைப் பகைப்பாயாக" என்பது பழைய ஏற்பாட்டுக் கட்டளை, அதை இயேசு ரத்து செய்தார் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கலாம். அப்படி ஒரு கட்டளை பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. மத்தேயு 5:43இல் இயேசு "சொல்லப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்றுதான் தொடங்குகிறார். நியாயப்பிரமாணமோ, சத்துருவின் மாடோ கழுதையோ வழிதப்பிப் போவதைக் கண்டால் திரும்ப அவனிடம் கொண்டுபோய் விடச் சொல்கிறது (யாத்திராகமம் 23:4). பகைக்கச் சொன்ன போதனை ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது என்பது மட்டும் உறுதி. சவக்கடலருகே கும்ரானில் 1947இலிருந்து கிடைத்த சுருள்களில் அந்தச் சமூகத்தின் ஒழுங்குச் சுருள் ஒன்று இருக்கிறது. ஒளியின் மக்களை நேசிக்கவும் இருளின் மக்களைப் பகைக்கவும் அது தன் உறுப்பினர்களுக்குச் சொல்கிறது. இயேசு மனதில் வைத்துப் பேசியது இவர்களையா என்பது அனுமானம்தான்.

கடினமான வசனங்களை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மை ஆகாது. "அக்கிரமக்காரர் யாவரையும் வெறுக்கிறீர்" என்கிறது சங்கீதம் 5:5. செயலை மட்டுமல்ல, ஆளையே தேவன் வெறுப்பதாக இருக்கிறது. 11:5உம் அப்படித்தான். 139இல் தாவீது, தேவனைப் பகைக்கிறவர்களை "முழுப்பகையாய் அவர்களைப் பகைக்கிறேன், அவர்களை எனக்குப் பகைஞராக எண்ணுகிறேன்" என்கிறான். இவற்றை எப்படிப் படிப்பது என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். தேவனுடைய வெறுப்பு என்பது நீதிபதியின் தீர்ப்பு, மனிதக் காழ்ப்பு போன்றதன்று என்பார் சிலர். எபிரெயத்தில் வெறுத்தல் என்பது பல இடங்களில் தள்ளுவதையோ குறைவாக நேசிப்பதையோ குறிக்கும் என்பார் வேறு சிலர். இதற்கு நல்ல ஆதாரம் உண்டு: தகப்பனையும் தாயையும் "வெறுக்காவிட்டால்" சீஷனாயிருக்கமாட்டான் என்று லூக்கா 14:26இல் வருவது, மத்தேயு 10:37இல் "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்" என்று வருகிறது. ஆனால் இந்த விளக்கம் 139ஆம் சங்கீதத்தின் "முழுப்பகை"க்கு ஒத்துவராது. அங்கே தாவீது உண்மையாகவே கொதிக்கிறான். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு. ஒன்று, புதிய ஏற்பாட்டில் எந்த மனிதரையும் பகைக்கும்படி நமக்குக் கட்டளை எங்குமே இல்லை. மாறாக "தன் சகோதரனைப் பகைக்கிற எவனும் மனுஷகொலைபாதகனாயிருக்கிறான்" என்ற கடுமையான எச்சரிப்பு இருக்கிறது (1 யோவான் 3:15). இரண்டு, தாவீது அந்தக் கொதிப்போடு நின்றுவிடவில்லை. அடுத்த வரியிலேயே "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று தன்னையே விசாரணைக்கு ஒப்புக்கொடுக்கிறான். பகையைச் சொல்லி வாய் மூடுமுன் தன் உள்ளத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறவனை முன்மாதிரியாகக் காட்டி, யாரையும் பகைக்க உரிமை எடுத்துக்கொள்ள முடியாது.

சாபச் சங்கீதங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவை ஜெபங்கள். எதிரியிடம் போய்ச் சொன்னவையோ ஊரில் பரப்பியவையோ இல்லை; பழிவாங்கும் உரிமையைத் தேவனுடைய கையில் கொடுத்துவிட்டு, அவரிடம் மட்டும் கொட்டியவை. கத்தோலிக்கத் திருச்சபை 1971இல் திருப்புகழ்மாலையை (அன்றாடம் வேளைதோறும் சங்கீதங்களைச் சொல்லி ஜெபிக்கும் ஜெபப்புத்தகத்தை) சீர்திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை முழுமையாக விட்டுவிட்டது. அதன் மேய்ப்பக் காரணம் புரிகிறது. ஆனாலும் என் பார்வையில் அது இழப்புதான். அநியாயம் அனுபவித்தவர் தன் கோபத்தை எங்கே கொண்டுபோவது? ஆலயத்தில் அதற்கு இடமில்லை என்றால் அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும்.

"பாவத்தை வெறு, பாவியை நேசி" என்ற வாக்கியத்தை உங்கள் மூப்பர்களும் சொல்லியிருப்பார்கள். அது வேதவசனம் இல்லை. கருத்து வேதத்துக்கு இசைந்ததுதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இன்று நாம் அதைப் பயன்படுத்துகிற விதம் எவ்வளவு தலைகீழ் என்பது விளங்கும். ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கன்னியர் மடத்துக்கு எழுதிய 211ஆம் கடிதத்தில், மனிதர்மேல் அன்போடும் குற்றங்கள்மேல் வெறுப்போடும் நடந்துகொள்ளச் சொல்கிறார். எந்த விஷயத்தில்? ஒரு சகோதரி தவறு செய்வதைக் கண்டால் என்ன செய்வது என்ற விஷயத்தில். முதலில் தனியே எச்சரிக்க வேண்டும்; தொடர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று பேருக்குக் காட்ட வேண்டும்; பிறகு தலைவியிடம் கொண்டுபோக வேண்டும். உன் சகோதரி உடலில் ஒரு புண் இருந்து, கத்திக்குப் பயந்து அவள் அதை மறைத்தால், நீ மௌனமாயிருப்பது கொடுமையும் வெளியே சொல்வது இரக்கமும் அல்லவா என்று அங்கே கேட்கிறார்.

நம் நாட்டில் இந்த வாக்கியத்தைப் பரப்பியவர் காந்தி. 'சத்திய சோதனை'யில் அது வருகிற இடத்தையும் பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஆசியர் விவகார இலாகாவைச் சேர்ந்த இரண்டு அதிகாரிகள் லஞ்சம் வாங்கினார்கள். காந்தி சாட்சியங்களைத் திரட்டிப் போலீஸ் ஆணையரிடம் கொண்டுபோனார். வழக்கு நடந்தது, ஜூரி அவர்களை விடுவித்தது, ஆனால் அரசாங்கம் இருவரையும் வேலையிலிருந்து நீக்கியது. பிற்பாடு அவர்களுக்கு நகராட்சியில் வேலை கிடைக்கும் வாய்ப்பு வந்தபோது காந்தி அதை எதிர்க்கவில்லை, உதவினார். இந்தச் சம்பவத்தைச் சொல்லி முடித்த பிறகுதான், பாவத்தை வெறு, பாவியை அல்ல என்பது புரிந்துகொள்ள எளிது, கடைப்பிடிப்பவர் அரிது என்று எழுதுகிறார். அகுஸ்தீனிடமும் சரி, காந்தியிடமும் சரி, அந்த வாக்கியம் தவறை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற வேலையின் நடுவே பிறந்தது. அதை எடுத்துத் தவறை மூடிவைக்கப் பயன்படுத்துவது அந்த வாக்கியத்துக்கே செய்கிற அநியாயம்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் சொல்லியாக வேண்டும், அது உங்களுக்கும் நேரலாம். தீமையை வெறுக்கப் புறப்பட்டவர்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான். நீதிமொழிகள் 6இல் கர்த்தர் வெறுக்கிற ஏழு காரியங்களின் பட்டியல் இருக்கிறது. அது "மேட்டிமையான கண்" என்று தொடங்கி, "சகோதரருக்குள்ளே விரோதத்தை உண்டுபண்ணுதல்" என்று முடிகிறது. நடுவில் பொய்நாவும் அபத்தம்பேசும் பொய்ச்சாட்சியும் வருகின்றன. அடுத்தவரின் குற்றத்தைத் துருவத் தொடங்குகிற ஒருவருக்கு வரக்கூடிய நோய்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. வெளிப்படுத்தல் 2இல் எபேசு சபைக்கு வந்த செய்தியும் இதுதான். நிக்கொலாய் மதஸ்தர் என்ற துர்ப்போதனைக் கூட்டத்தாரின் "கிரியைகளை" நீ வெறுக்கிறாய், நானும் வெறுக்கிறேன் என்று கர்த்தர் பாராட்டுகிறார் (கிரியைகளை என்பதைக் கவனியுங்கள், ஆட்களை என்று இல்லை). அந்தப் பாராட்டுக்கு இரண்டு வசனம் முன்னால், ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்ற குறையும் இருக்கிறது. வெறுக்க வேண்டியதைச் சரியாக வெறுத்துக்கொண்டே அன்பைத் தொலைத்துவிட முடியும்.

உங்கள் உள்ளத்தில் இருப்பது எது என்று சோதிக்கச் சில கேள்விகள் உதவும். நாளைக்கே அந்தப் பொருளாளர் வந்து அழுது, பணத்தைத் திருப்பிக் கட்டினால், உங்களுக்கு நிம்மதியா, ஏமாற்றமா? நினிவே மனந்திரும்பியபோது யோனாவுக்கு "விசனமாயிருந்தது" என்கிறது வேதம். அவன் வெறுத்தது நினிவேயின் பாவத்தையா, நினிவேக்காரரையா என்பது அங்கே அம்பலமானது. இதே காரியத்தை உங்கள் மைத்துனர் செய்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமா? தாவீது அடுத்தவன் ஆட்டுக்குட்டியைத் திருடிய ஐசுவரியவான்மேல் கொதித்து எழுந்தான், "நீயே அந்த மனுஷன்" என்று நாத்தான் சொல்லும்வரை. இந்தக் கதையைச் சொல்லும்போது உள்ளூர ஒரு சுவை இருக்கிறதா? அன்பு "அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்" என்று பவுல் எழுதியது இந்தச் சுவைக்கு எதிராகத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். பவுலே வெறுப்பு என்ற சொல்லைத் தன்மேல் திருப்புகிறார்: "நான் வெறுக்கிறதையே செய்கிறேன்" (ரோமர் 7:15). இந்தச் சோதனைகளில் தோற்றால் கணக்குக் கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை முன்பு எடுத்துப்போடு, "பின்பு" சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய் என்றார் இயேசு. துரும்பை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை.

பழகிப்போன தீமையை வெறுக்கக் கற்றுக்கொள்வது இன்னும் கடினம். பின்னாளில் இங்கிலாந்தில் போதகரும் பாடலாசிரியருமான ஜான் நியூட்டன் 1748இல் கடற்புயலில் மனந்திரும்பினார். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் வேலை செய்தார், தலைவராகவே பயணம் போனார். அந்த வியாபாரத்தை எதிர்த்து அவர் அச்சில் எழுதியது 1788இல். ஜெபமும் வேதவாசிப்பும் இருந்தும் நாற்பது ஆண்டு ஆயிற்று. நம் வீட்டுக்குள் வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய புராட்டஸ்டண்ட் பணியில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவது பொறுத்துக்கொள்ளப்பட்டது. நாளடைவில் மறைந்துவிடும் என்று நல்ல மிஷனெரிகளே நம்பினார்கள். மறையவில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபைக்குள் உறுதியாக, உடனடியாக, இறுதியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூர்ப் பகுதியில் பலர் சபையை விட்டே விலகினார்கள். அவர் அவசரப்பட்டார், அன்பில்லாமல் நடந்தார் என்ற குறை அன்றும் சொல்லப்பட்டது. திருவிருந்துப் பாத்திரத்தருகே ஒதுங்கி நிற்கவைக்கப்பட்டவரின் இடத்திலிருந்து பார்த்தால், நூறு ஆண்டுக்கு மேலாகக் காத்திருந்ததை அவசரம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் சில ஊர்களில் இருக்கின்றன. தீமையை வெறுப்பதா என்று வாதிடுகிற சபைகள் இதையும் அந்தத் தீமையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருவோம். பணத்தைப் பற்றிப் பேசுவதே ஆவிக்குரிய காரியம் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு 2 கொரிந்தியர் 8ஐக் காட்டுங்கள். எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாக எடுத்துப்போகவில்லை. தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த வேறு சகோதரரையும் அனுப்புகிறார். "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்" என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலனே தனியாகப் பணம் சுமக்க மறுத்திருக்கும்போது, கணக்குக் கேட்பது அவநம்பிக்கை என்று எந்தப் பொருளாளரும் மனம் நோகத் தேவையில்லை.

முதலில் உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் இரண்டு தாள்களில் தனித்தனியே எழுதுங்கள். தேதி, தொகை, ரசீது எண், வங்கிப் பதிவு என்று எழுத முடிந்தவை முதல் தாளில். மற்றதெல்லாம் இரண்டாம் தாளில். அந்த இரண்டாம் தாளில் இருப்பதை யாரிடமும் பேசாதீர்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். நிஜமாகவே காணாமல்போன பத்தாயிரத்தோடு வதந்தியில் வந்த லட்சத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். லட்சம் பொய் என்று நிரூபணமானதும் பத்தாயிரமும் மறைந்துபோகும், பொய்ச்சாட்சி என்ற பழியும் வந்து சேரும். அடுத்து, மத்தேயு 18இன் வரிசை: முதலில் தனித்து, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபைக்கு. 15ஆம் வசனத்தில் "உனக்கு விரோதமாக" என்ற சொற்கள் மிகப் பழைய இரண்டு கைப்பிரதிகளில் இல்லை. அதனால் இது தனிப்பட்ட மனத்தாங்கலுக்கு மட்டுமான வழியா, எல்லாப் பாவத்துக்குமான வழியா என்பது விவாதத்துக்குரியது. பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றியது 1 தீமோத்தேயு 5:19–20இல் தனியாகவே இருக்கிறது: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் பிராதை ஏற்கக் கூடாது, நிரூபணமானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும். முதல் பாதி மூப்பரைக் காக்கிறது, இரண்டாம் பாதி சபையைக் காக்கிறது. உங்கள் மூப்பர்கள் முதல் பாதியை மட்டும் வாசிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

சட்டத்திடம் போவது வெறுப்பு ஆகிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரோமர் 12:19 பழிவாங்காமல் "கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்" என்கிறது. ஆறே வசனம் தள்ளி, 13:4இல், தீமைசெய்கிறவன்மேல் அதே கோபாக்கினையை வரப்பண்ணும் தேவஊழியக்காரன் என்று அதிகாரியைச் சொல்கிறது. தனி ஆள் பழிவாங்குவதை விலக்கிய கையோடு பவுல் பொது நீதிக்கு இடம் வைத்திருக்கிறார். சகோதரன் சகோதரனோடு வழக்காடக் கூடாது என்ற 1 கொரிந்தியர் 6ஐ எதிராகக் காட்டுவார்கள். அங்கே பேசப்படுவது "அற்ப வழக்குகள்", ஜீவனத்துக்கடுத்த உரிமைத் தகராறுகள் என்பதே பெரும்பாலான உரையாசிரியர் கருத்து. குற்றத்துக்கு அது பொருந்துமா என்பதில் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடுவது நம் சட்டத்தில் குற்றம்தான். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் அது வருகிறது. புகார் கொடுப்பதா, உங்கள் சபை எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது, அதன் பதிவாளரிடம் போவதா என்பதை ஆவணங்களோடு ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது வேதப்படிப்பால் தீர்கிற விஷயம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் காத்திருக்காமல் சொல்லிவிட வேண்டும். சபைக்குள் நடந்தது குழந்தைமேல் பாலியல் கொடுமை என்றால், மத்தேயு 18இன் படிகளை வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரையும் சிறை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அங்கே "மன்னித்துவிடுங்கள்" என்று பெற்றோரை அமர்த்துகிறவர், அந்தக் குழந்தையையும் இனி வரப்போகும் குழந்தைகளையும் கைவிடுகிறவர்.

கடைசியாக, அந்தப் பொருளாளரோடு ஒரே திருவிருந்துப் பந்தியில் மண்டியிட மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மன்னிப்பு என்பது பழிதீர்க்கும் உரிமையைக் கைவிடுவது. அதை அவர் கேட்காமலே இன்றைக்கே ஜெபத்தில் செய்துவிடலாம். மாற்கு 11:25 அப்படித்தான் சொல்கிறது. ஒரே தடவையில் முடியாது, அடுத்த ஞாயிறு அவர் முகத்தைப் பார்த்ததும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கணக்கைக் கைவிடுவது மன்னிப்பில் சேராது. சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்னபோது, அதெல்லாம் வேண்டாம் என்று இயேசு சொல்லவில்லை. உங்கள் பொருளாளர் பணத்தைக் கட்டி மனந்திரும்பினால் சகோதரனாகப் பந்தியில் அவருக்கு இடமுண்டு. பொருளாளர் பொறுப்பை மறுபடி அவரிடம் தர வேண்டிய கட்டாயம் இல்லை, அவருடைய நன்மைக்காகவே தராமலிருப்பது நல்லது. அந்தப் பொறுப்புக்கு யார் வந்தாலும், காணிக்கையை ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே உறவினரல்லாத இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும், காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும், மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும், ஆண்டுக்கணக்கை வெளித் தணிக்கையாளர் பார்க்க வேண்டும் என்று அடுத்த சபைக்கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவாருங்கள். யார் பெயரையும் குறிப்பிடாமல் கொண்டுவரக்கூடிய தீர்மானம் அது.